தங்கையின் பின்னால் வந்த ஏரி

முவான்சா நகரத்துச் சந்தையில் காந்திமதியைத் தெரியாத காய்கறிக்காரி ஒருத்தியும் கிடையாது. பாறைக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் வீடு, அந்த வீட்டுக்கும் மேல் இன்னொரு பாறை என்று ஆப்பிரிக்காவின் பெரிய ஏரியின் கரையிலிருந்து படிப்படியாக ஏறிப்போகிற ஊர் அது. அங்கே மீன் ஆலையொன்றில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கோமதிநாயகத்தின் மனைவியாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய நாளில் அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. அங்கே அம்மாவைத்தான் மாமா என்பார்கள் என்பது தெரியாமல், கடைக்குக் கடை தன்னை ‘மாமா, மாமா’ என்று கூப்பிட்டபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் சுவாஹிலியில் பேரம் பேசவும், கோபித்துக்கொண்டு போகவும், போனவள் திரும்பி வந்து அதே கடையில் வாங்கவும் கற்றுக்கொண்டாள். எந்தக் கடைத் தேங்காய் முற்றலாக இருக்கும், எவள் நிறுத்துப் போட்டதற்கு மேல் இரண்டு தக்காளி போடுவாள், கோயில் தெருவில் யார் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. ஊர் அவளுக்கு மாமா காந்தி என்று பெயர் வைத்தது.

சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவள் ஏரிக்கரையில் ஒரு தட்டைப் பாறைமேல் பைகளை இறக்கிவைத்துவிட்டு உட்காருவாள். மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தபோது அவள் அழுதது அந்தத் தண்ணீரிடம்தான். மாமியார் போனில் சொன்ன சொல்லையும், அதற்குத் தான் சொல்லாமல் விழுங்கிய பதிலையும் அவள் சொன்னது அந்தத் தண்ணீரிடம்தான். கோமதிநாயகம் நல்ல மனுஷன் என்றாலும் நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டு வருகிறவர் என்பதால் வீட்டில் அவரிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல அவளுக்கு மனம் வராது. வெளியே சொன்னதில்லையே தவிர, அந்த ஏரி தனக்குச் சொந்தம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில் அவளுடைய தங்கை செண்பகவல்லி ஊரிலிருந்து வந்தாள். செண்பாவின் புருஷன் மதுரையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான்; சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனான். அவளை என்ன செய்வது என்று தெரியாத வீட்டார், கொஞ்ச நாள் அக்காவிடம் இருந்து நாலு இடம் பார்த்துவிட்டு வரட்டும் என்று விமானம் ஏற்றிவிட்டார்கள். காந்திமதி மெத்தைக்கு உறை மாற்றினாள், திரைச்சீலை துவைத்தாள், முதல் நாள் எந்தச் சந்தை, இரண்டாம் நாள் எந்தத் தீவு, துணி எடுக்க யார் கடை என்று மனதுக்குள் வரிசை போட்டாள். தங்கையை நினைத்தால் அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபத்துக்கு அடியில் ஒரு சின்ன சந்தோஷமும் கிடந்தது. பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தியாவது வந்து, காந்திமதி ஒற்றை ஆளாக ஒரு ஊரையே எப்படிப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று கண்ணால் பார்க்கப்போகிறாளே என்ற சந்தோஷம்.

வந்த மறுநாள் காலையில் அவளை முதலில் ஏரிக்குத்தான் கூட்டிப்போனாள். தண்ணீருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்ததுபோல் நிற்கும் பிஸ்மார்க் பாறையைக் காட்டினாள், அதன் உச்சியில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்களைக் காட்டினாள். செண்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

“எப்படிட்டி இருக்கு?” என்று காந்திமதி கேட்டாள்.

“தண்ணிதானேக்கா,” என்றாள் செண்பா.

காந்திமதிக்குச் சுருக்கென்றது. சந்தைக்கு வெயிலுக்கு முன்னால் போக வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பெரிய சாலையைக் கடக்கும்போது பின்னால் ஒரு பஸ் நெடுநேரம் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தால், செண்பாவின் பின்னால் ஏரி வந்துகொண்டிருந்தது.

வெள்ளம் இல்லை அது. ஒரு சேலையின் அகலத்தில், கணுக்கால் ஆழத்தில், கரையிலிருந்து அறுபடாமல் நீண்டு, மண்ணைக் கலக்காமல், தெளிவாக, நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் மீன்கள் ஓட, அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. பஸ் டிரைவர் அது கடந்து முடியட்டும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, முடியாது என்று தெரிந்ததும் மெதுவாக அதன்மேல் ஏற்றிப் போனார். செண்பா திரும்பிப் பார்த்துவிட்டு, “இது இங்க எப்பவும் இப்படித்தானாக்கா?” என்று கேட்டாள்.

சந்தையில் யாரும் கூச்சல் போடவில்லை. மீனும் தக்காளியும் விற்கிற மாமா கபூலா, பருத்த கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்து, “ஏரி வருகிறது, கூடைகளைத் தூக்குங்கள்!” என்று குரல் கொடுத்தாள், பெண்கள் கூடைகளை முக்காலிகளின்மேல் தூக்கிவைத்தார்கள், கருவாட்டுக் குவியல்காரர் தன் சாக்கை இழுத்துக்கொண்டார், தண்ணீர் வந்து செண்பாவின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு நின்றது.

“இது யார், மாமா காந்தி?”

“என் தங்கை. நேற்றுத்தான் வந்தாள்.”

“ஏரிக்கு அவளைப் பிடித்திருக்கிறது,” என்றாள் கபூலா, தக்காளியைத் தராசில் போட்டபடி.

“இதற்கு முன்னால் இப்படி யார் பின்னாலாவது வந்திருக்கிறதா?”

“இல்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லையே,” என்றாள் கபூலா. பிறகு யோசித்து, “எங்கள் ஊரில் ஒரு மழை ஒருவனைத் தொடர்ந்துகொண்டிருந்தது. கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டது,” என்றாள். எடைக்கு மேல் நாலு தக்காளி எடுத்து, காந்திமதியின் பையில் போடாமல் செண்பாவின் கையில் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தண்ணீர் அவர்களோடேயே மேட்டில் ஏறி, பாறைகளைச் சுற்றிக்கொண்டு வீடுவரை வந்து, கேட்டுக்கு வெளியே படுத்துக்கொண்டது. செண்பா கதவைச் சாத்தியதும் மெல்லப் பின்வாங்கி இறங்கிப் போனது. காலையில் அவள் செருப்பை மாட்டும்போது மறுபடி வாசலில் இருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. துணிக்கடை ஹஸ்முக் சேட் தன் கடைவாசலில் ஒரு செங்கல் வரிசை உயர்த்திக் கட்டினார், அதைப் பார்த்துத் தெருவே கட்டியது. தண்ணீர் வெளியே நிற்க, செண்பா உள்ளே போய்த் துணிகளைப் புரட்டுவாள். அவள் புரட்டியது மஞ்சள் பூ என்றால் மறுநாள் ஊரெல்லாம் மஞ்சள் பூ கேட்டது. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வழியிலேயே அந்தத் தண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டார்கள், தேவாலயத்துப் பாடற்குழு அதற்காகப் பாட்டை இழுத்துப் பாடியது, கோயில் பூசாரி ஒரு செம்பில் மொண்டு அபிஷேகத்துக்கு வைத்துக்கொண்டார். குப்பைமேட்டு மராபு நாரைகள், கையைப் பின்னால் கட்டிய மேலதிகாரிகளைப்போல, அதன் இரண்டு பக்கமும் நடந்து வந்தன. தெருவில் மீன் பிடித்தால் அது ஏரியில் பிடித்ததாகுமா, தெருவில் பிடித்ததாகுமா என்று நகராட்சியில் ஒரு நாள் முழுக்கப் பேசி, அந்தப் பெண் நடக்கும்வரை அது ஏரி, அவள் வீட்டுக்குப் போனபின் அது தெரு என்று முடிவு செய்தார்கள். ஒருமுறை நீர்யானை ஒன்று அந்த வழியைப் பிடித்துத் தபால் நிலையம்வரை வந்து, வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்து, திரும்பிப் போயிற்று.

ஆனால் உண்மையாகவே கொண்டாடியவர்கள் மேட்டுப் பாறைகளுக்கிடையே குடியிருந்த பெண்கள்தான். பிறந்ததிலிருந்து கீழே இறங்கித் தண்ணீர் மொண்டு, தலையில் வைத்து, பாறையும் முள்ளுமான வழியில் ஏறி வந்தவர்கள் அவர்கள். செண்பா ஒரு வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனால் அந்த வரிசைக்கே ஏரி படியேறி வந்தது. ஆகவே அவளை இன்றைக்கு ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள், நாளைக்கு எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள், அவள் இஞ்சித் தேநீரும் உப்புக்கடலையுமாகப் பாறைக்குப் பாறை ஏறி இறங்கினாள், வாளிகள் நிறைந்தன, கிழவிகள் பல வருஷத்துக்குப் பிறகு கழுத்துவரை தண்ணீர் ஊற்றிக் குளித்தார்கள். ஜிவா என்றால் அவர்கள் பேச்சில் ஏரி. அவளுக்கு மாமா ஜிவா என்று பெயர் வைத்தார்கள்.

செண்பா சிரிக்கத் தொடங்கினாள். கன்னத்தில் சதை வைத்தது. அதைப் பார்க்கத்தான் அவளை வரவழைத்தது. அது காந்திமதிக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

சந்தையில் தன்னை இப்போது யாரும் மாமா காந்தி என்று கூப்பிடுவதில்லை, ‘மாமா ஜிவாவின் அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள் என்பதை அவள் மூன்றாவது கடையில்தான் கவனித்தாள். ஒன்பது வருஷம் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் கற்ற பாஷை; செண்பாவுக்கு அதில் நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் தெரியாது, அந்த ஒரு சொல்லை அவள் தப்பாகச் சொன்னால்கூட கடைத்தெரு நெகிழ்ந்துபோயிற்று. வீட்டில், சாப்பிடும்போது தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காத கோமதிநாயகம், கை கழுவுமுன்னே, “என்ன செண்பா, இன்னைக்கு ஏரி எங்கெல்லாம் வந்துச்சு?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டதையே மறுபடி கேட்டார். அவளும் மறுபடி சொன்னாள்.

“எத்தன தடவ சொல்லுவா ஒரே கதைய!” என்று காந்திமதி ரசத்தை வேகமாக ஊற்றினாள். தட்டிலிருந்து வழிந்தது.

“ஏ காந்தி, கோவப்படுதியா?” என்றார் அவர், ஆச்சரியமாக.

“நான் எதுக்குக் கோவப்படணும்? எனக்கென்ன.”

மறுநாள் செண்பா குளிக்கப் போயிருந்த சமயம், காந்திமதி தங்கையின் பச்சைச் சேலையைக் கட்டி, தங்கையின் செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கை பூசுகிற பவுடரையும் கழுத்தில் தட்டிக்கொண்டு, கரைக்குப் போனாள். செருப்பு குதிகாலில் இறுக்கியது. அதைக் கழற்றிவைத்து, தண்ணீரில் இறங்கி, ஒரு பேச்சுப் பேசாமல், தங்கையைப்போலவே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கரையேறி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், முதுகெல்லாம் காதாக நடந்தாள். பின்னால் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. அவள் கண் நிறைந்துவிட்டது. நாலு எட்டு நடந்தாள், சத்தமும் நடந்தது. திரும்பினாள்.

தளும்பும் வாளியோடு மாமா கபூலா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஏரி இருந்த இடத்தில் இருந்தது.

கபூலா அந்தப் பச்சைச் சேலையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. “போலே, மாமா காந்தி,” என்றாள். துக்க வீட்டிலும், கால் இடறினவரிடமும் அந்த ஊர் சொல்கிற ஆறுதல் சொல் அது. சிரித்திருந்தால்கூட காந்திமதி தாங்கியிருப்பாள்.

அன்றைக்கு மத்தியானமே அவள் புருஷனுக்குப் போன் போட்டு ஒரு கார் ஏற்பாடு செய்யச் சொன்னாள். “ஊரச் சுத்திக் காட்டியாச்சு. செரெங்கெட்டிக் காட்டயும் காட்டிருதேன், பாவம், திரும்ப எப்ப வரப்போறாளோ,” என்றாள். அந்தக் காடு ஏரியைவிட்டு விலகி உள்நோக்கிப் போகிறது என்பதும், இது மழையில்லாத மாதம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கார் ஓட்ட மசாஞ்சா என்ற மனிதர் வந்தார். குறைவாகப் பேசுகிறவர், கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார், ஏனென்றால் தண்ணீர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது. முற்பகல் முழுக்கச் சாலை ஏரிக்கரையை ஒட்டியே போனதால் அதற்குக் கஷ்டமில்லை. காட்டின் வாசலில் காவலாளி காரில் இருந்தவர்களின் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற தண்ணீரையும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அதுவும் உங்களோடு வந்ததா?”

“இல்லை,” என்றாள் காந்திமதி.

“ஆமாம்,” என்றார் மசாஞ்சா.

“காட்டுக்குள் தண்ணீருக்குச் சீட்டுக் கிடையாது,” என்று காவலாளி கம்பைத் தூக்கிவிட்டார்.

உள்ளே புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தது. மண் வெடித்திருந்தது. செண்பா பின்கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். காந்திமதி ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினாள், அவள் பார்க்கவில்லை, யானைக்கூட்டத்தைக் காட்டினாள், அதையும் பார்க்கவில்லை. வரிக்குதிரைகள் வந்து தண்ணீரில் வாய் வைத்தன. காட்டெருமைகள் வைத்தன. அது நின்று கொடுத்தது, கொடுத்துவிட்டு ஓடிவந்தது, அடுத்த மந்தைக்கும் நின்றது. சேலை அகலம் துண்டு அகலமாயிற்று, துண்டு அகலம் நாடாவாயிற்று, நாடா ஒரு நூலாக இழுத்துக்கொண்டு வந்து, ஒரு மேட்டைக் கடந்தபின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. செண்பா அப்படியே பார்த்துக்கொண்டிருந்து, களைத்து, தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

இறங்கிச் சாப்பிட அனுமதியுள்ள ஒரு மரத்தடியில் மசாஞ்சா காரை நிறுத்திவிட்டு எஞ்சினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். காந்திமதி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்போது அது வந்தது. பின்னால் இருந்த நூல் எங்கோ அறுந்து, ஒரு உள்ளங்கை அளவுத் தண்ணீர் மட்டும் தனியாக, புழுதியில் உருண்டு உருண்டு, ஓரமெல்லாம் மண் அப்பிக்கொண்டு, காரின் கதவை நோக்கி வந்தது.

அவள் வழியில் போய் நின்றாள்.

“நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்?” என்று கேட்டாள். “சொல்லு. என் மகளப் பத்திச் சொன்னேன், என் மாமியா பேசுனதச் சொன்னேன், இங்க பக்கத்துல இருக்கவுகளுக்குத் தெரியாததெல்லாம் ஒனக்குத் தெரியும். ஒரு நா, ஒரே ஒரு நா, ரெண்டு எட்டு என் பின்னால வந்திருப்பியா? அவ ஒன்னயத் தண்ணிதானேன்னு சொன்னா. காதுல விழுந்துச்சுல்லா?”

தண்ணீர் அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன்மேல் போட்டாள். இன்னும் அள்ளிப் போட்டாள். ஈரம் மேலே வர வர மேலே மேலே போட்டு, அசையாமல் ஆகும்வரை போட்டு, எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கார்க்கதவு திறந்தது. செண்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அக்கா, வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வரலட்டி,” என்றாள் காந்திமதி. “எலுமிச்சஞ்சோறு இருக்கு, சாப்பிடு.”

செண்பா சரி என்று தலையாட்டினாள். அழவில்லை. அன்று சாயங்காலம் காட்டுக்குள் இருந்த தங்கும் விடுதியின் முற்றத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் சிங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் தானாகவே பேசினாள்.

“அவனும் இப்படித்தான்க்கா. மொதல்ல கடைக்கு, கோயிலுக்கு, எங்க போனாலும் கூடவே வருவான். அப்புறம் தெருமுன வரைக்கும் வந்தான். அப்புறம் வாசல் வரைக்கும். அப்புறம் உக்காந்த எடத்துலருந்து தலைய மட்டும் ஆட்டுனான். எங்கிட்ட என்னமோ இருக்கு. யாரா இருந்தாலும் கொஞ்ச தூரத்துக்கு மேல எங்கூட வரமுடியாது போல.” பிறகு, ஒரு கிளாஸ் உடைந்ததைச் சொல்வதுபோல, “நாங்கூட இது வரும்னு நெனச்சுட்டேன்,” என்றாள்.

காந்திமதியின் கையில் இருந்த ரொட்டி கையிலேயே இருந்தது. அவள் சிங்கத்தைப் பார்த்தாள். சிங்கம் கொட்டாவி விட்டது.

விடிந்ததும் அவள் மசாஞ்சாவிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள். அந்த மரம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். செண்பாவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

“அது வந்துச்சு. நீ தூங்கிக்கிட்டு இருந்த. இந்தா இந்த எடம்வரைக்கும் வந்துச்சு. நாந்தான் மண்ணப் போட்டு மூடுனேன்.”

செண்பா அவளையே பார்த்தாள். “எதுக்குக்கா?”

“ஒன் பின்னால வந்துச்சுன்னு.”

“அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

செண்பா கை ஓங்கினாள். அக்காவை அடிக்க ஓங்கிய கையை இறக்கி, அவள் தரையில் மண்டியிட்டு மண்ணைத் தோண்டத் தொடங்கினாள். காந்திமதியும் மண்டியிட்டாள். மசாஞ்சா காரை நகர்த்தி அவர்கள்மேல் நிழல் விழும்படி நிறுத்தினார். ஒரு முழ ஆழத்தில் மண் கறுப்பாக, ஜில்லென்று, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தோடு வந்தது. தண்ணீராக ஒரு சொட்டும் இல்லை. எலுமிச்சஞ்சோறு இருந்த தூக்குச்சட்டியைக் கழுவி, அந்த ஈரமண்ணை ஒரு துளி விடாமல் அதில் அள்ளி மூடி, செண்பா மடியில் வைத்துக்கொண்டாள். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் காந்திமதி கையை நீட்டி மூடியை அழுத்திப் பிடித்தாள். செண்பா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

முவான்சாவில் தெருக்கள் காய்ந்திருந்தன. உயர்த்திக் கட்டிய செங்கல் வாசல்களில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மேட்டுப் பெண்கள் வாளிகளோடு இறங்கி வந்தார்கள். செண்பா தூக்குச்சட்டியோடு கரைக்கு நடக்க, ஊர் அவள் பின்னால் நடந்தது. அவள் முழங்கால்வரை இறங்கி மண்ணைத் தண்ணீரில் கவிழ்த்தாள். கறுப்பாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கரையேறி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். தண்ணீர் வரவில்லை.

“களைத்திருக்கும்,” என்றாள் கபூலா. மேட்டுப் பெண்கள் அங்கேயே வாளிகளை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு காலத்தில் ஏறியதுபோலவே பாறைகளில் ஏறினார்கள். யாரும் காந்திமதியை ஒன்றும் கேட்கவில்லை. மசாஞ்சா சொல்லியிருக்கமாட்டார், ஆனால் அவள் நகக்கண்ணில் இருந்த மண்ணை ஊரே பார்த்திருந்தது. மறுநாள் கபூலா அவளுக்குத் தக்காளியைச் சரியாக நிறுத்து, முள் நடுவில் நிற்கும்படி, ஒன்று கூடாமல் குறையாமல் கொடுத்தாள்.

செண்பா கிளம்புகிற நாளில் காந்திமதி அவளுக்கு முறுக்கு கட்டிக்கொடுத்தாள். “என்னய மன்னிக்க வேண்டாம்,” என்றாள், பொட்டலத்தைக் கட்டியபடி.

“மன்னிக்கலக்கா,” என்றாள் செண்பா. “இன்னும் கோவமாத்தான் இருக்கு. ஆனா அம்புட்டுத் தூரம் வந்துச்சுல்லா. வரிக்குதிர குடிச்சது போக, எரும குடிச்சது போக, இம்புட்டுக்காணி தண்ணியா இருந்தும் வந்துச்சுல்லா. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.” அவள் ஏரிக்கரையை ஒட்டியிருந்த விமான நிலையத்துக்கு ஊர் சூழப் போய், நன்றி என்ற ஒரே சொல்லைக் கடைசியிலும் தப்பாகச் சொல்லிவிட்டு, விமானம் ஏறினாள்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு சாயங்காலம் காந்திமதி காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே ஏரி கிடந்தது. கடைசியில் வந்துவிட்டதே என்று ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள், செருப்பை உதறிவிட்டு வெறுங்காலை நீட்டினாள். தண்ணீர் உள்ளே வந்து, அவள் காலைச் சுற்றிக்கொண்டு, படியேறி, செண்பா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு அடியில் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது.

அவளுக்குப் புரிந்தது. தம்ளரைப் படியில் வைத்துவிட்டு அவள் அழுதாள், கொஞ்ச நேரம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தென்காசில ஒரு பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கா,” என்றாள். “சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா. தனியா வீடு பாத்திருக்கா.”

அன்றிலிருந்து அது தினமும் வருகிறது, சேதி கேட்டுவிட்டுப் போகிறது. அது வருகிற நேரத்துக்கு மேட்டுப் பெண்களும் வாளிகளோடு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் மாமா ஜிவா எப்படி இருக்கிறாள் என்று தெரியவேண்டும். காந்திமதி எடுத்த எடுப்பில் சொல்லிவிடமாட்டாள். முதலில் காபியைக் குடிப்பாள். தம்ளரைக் கழுவி வைப்பாள். கறிவேப்பிலைச் செடியில் பழுத்த இலையைக் கிள்ளுவாள். ஏரி காத்திருக்கும்.

சில நாள் செண்பாவிடமிருந்து போன் வந்திருக்காது. இன்னும் சில நாள் வந்திருந்தாலும், அவள் புது வீட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசிவிட்டு, ஏரியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் வைத்திருப்பாள். அந்த நாட்களில் காந்திமதி படியில் உட்கார்ந்து, வயிற்றில் அந்த எரிச்சல் கிளம்பி நெஞ்சுவரை வருவதைப் பொறுத்துக்கொண்டு, “பேசுனா,” என்பாள். “என்னயப் பத்தி ஒண்ணும் கேக்கல. ஒன்னயத்தான் கேட்டா.”